சோற்றுப் பையில் போன மன்ற ஏடு

ஊரடங்கில் பள்ளியைப் பூட்டிய பிறகு எங்கள் தமிழ் மன்றம் கைப்பேசிக்குள் குடியேறியது. வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில், ஒலிபெருக்கி இல்லாமலே தெருமுனை வரை கேட்கப் பேசிய பிள்ளைகள், திரையில் முகமற்ற பெயர்களாக நின்றனர். மூன்றாம் வாரம் பன்னிருவரில் நால்வரே எஞ்சினர். வராதவர்களைக் குறை சொல்ல இயலாது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி; அதுவும் காலையிலேயே தாயோடோ தந்தையோடோ வேலைக்குப் போய்விடும்.

மன்றத்தை நடத்தும் தமிழாசிரியனான எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சர்க்கரை நோயாளியான நான் வாசற்படி தாண்டுவதில்லை என்று முடிவுசெய்திருந்தேன். காய்கறியை மஞ்சள் நீரில் கழுவினேன், நாளிதழை நிறுத்தினேன், கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். அப்படி நடந்த ஒரு நாளில்தான் கையெழுத்து ஏடு என்னும் எண்ணம் வந்தது. பன்னிருவருக்குப் பன்னிரண்டு பக்கம். ஒருவர் எழுதி அடுத்தவருக்குத் தரவேண்டும்.

எப்படித் தருவது என்பதற்கு விடை நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. மாதனூரைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் பள்ளிகொண்டாப் பக்கமிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு காலணித் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனிப் பேருந்துகள், பாதி இருக்கைகளை வெறுமையாக விட்டு மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தன. எங்கள் பிள்ளைகளில் எழுவரின் தாய்மார்க்கு அங்கேதான் வேலை. மற்றவர்க்கு அங்கே வேலை செய்யும் அக்கம்பக்கத்தார் இருந்தனர். ஒருவர் காலையில் சோற்றுப் பையில் ஏட்டைக் கொண்டுபோவார். நண்பகல் உணவின்போது அடுத்த பிள்ளையின் தாயிடம் கொடுப்பார். அவர் மாலையில் தம் ஊர்ப் பேருந்தில் எடுத்துச் செல்வார். மாணவர்களிடையே எப்பொருளும் கைமாறக் கூடாது என்று பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. அது எனக்குத் தெரியும். தலைமையாசிரியரிடம் நான் கேட்கவில்லை.

ஐந்தாம் பக்கத்தில் குழம்பு கொட்டியது. ஏட்டின் ஆசிரியையாக இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் குரற்செய்தி அனுப்பினேன்: மழைக்கும் குழம்புக்கும் அஞ்சாத மேலட்டை ஒன்று வேண்டும். இரண்டு நாளில் படம் வந்தது. ஆம்பூரில் பணப்பை தைக்கும் அவள் மாமன் கொடுத்த கறுப்புத் தோல் துண்டை ஏட்டளவாக வெட்டி, விளிம்பில் வெள்ளை நூலோட்டித் தைத்திருந்தாள். நான் மனமாரப் பாராட்டினேன். முப்பது ஆண்டாக இந்த வட்டாரத்தில் வாழ்கிறேன். தொழிற்சாலை வாயிலைத் தாண்டி உள்ளங்கையளவு தோலும் ஒரு பெண்ணின் பையில் வெளியே வரக் கூடாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். எனக்கு அது தோன்றவே இல்லை.

அவளுக்கும் தோன்றவில்லை. ஆறாம் பக்கத்தை எழுதி முடித்துத் தாயின் பையில் ஏட்டை வைத்துவிட்டாள். உள்ளே போகும்போது பையை எவரும் பார்ப்பதில்லை. ஏழாம் பக்கத்துக்கு உரியவள் பள்ளிகொண்டாப் பெண். அவர்கள் தெருவில் தொற்று வந்து, அன்று காலைதான் தகரம் அடித்து மறித்திருந்தார்கள். அவள் தாய் வேலைக்கு வரவில்லை. ஆகவே கொண்டுபோன ஏடு கொண்டுபோனவர் பையிலேயே திரும்பியது. மாலையில் வாயிலில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அட்டை தைத்த பெண் அழைத்தாள்.

"ஐயா, அம்மாவ கேட்ல நிறுத்திட்டாங்க. தோலு எடுத்துட்டுப் போறியான்னு கேட்டு கார்டைப் புடுங்கிட்டாங்க. பொண்ணோட ஸ்கூல் பொஸ்தகம்னு அம்மா சொல்லிச்சாம். ஸ்கூலே மூடிக் கெடக்குது, ஸ்கூல் பொஸ்தகம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சிரிக்கிறாங்களாம்."

காலை பத்து மணிக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் வேலையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவள் தந்தை சுமை ஏற்றி இறக்குபவர்; ஊரடங்கு தொடங்கியதிலிருந்து வீட்டில் இருந்தார். அந்த வீட்டு அடுப்பு எரிந்தது தாயின் வேலையால் மட்டுமே.

உடனே எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன், எழுந்து நடந்தேன், மீண்டும் எழுதினேன். மன்றத்தின் நோக்கமும் கையெழுத்து ஏட்டின் சிறப்பும் இரண்டு பக்கத்துக்கு வந்தன. குறை சொல்ல இடமில்லாத உரைநடை. அதைச் சுற்றுக்கு விட்டவர் யார் என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை.

மறுநாள் காலை, பல மாதங்களுக்குப் பின் வண்டியை எடுத்தேன். வாயிலுக்கு எதிரே அந்தத் தாய் நீலச் சீருடையோடு நின்றிருந்தார். உள்ளே விட்டால் நேரே தையல் வரிசைக்குப் போய்விடலாம் என்று அப்படியே வந்திருக்கிறார். நான் நாலடி தள்ளி நின்றேன்.

"எங்க லைன்ல ஓடறது மாட்டுத்தோலு, ஐயா. அது ஆடு. கைய வெச்சாலே தெரியும். செக்யூரிட்டிக்கு இன்னா தெரியும்?" என்றார்.

பணியாளர் பிரிவு அலுவலர், என் மகன் வயதினர், வாயிலறைச் சன்னலுக்கு வந்தார். என் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா யாரு அனுப்புனதுன்னு இதுல இல்லையே. ஸ்கூலா, நீங்களா?"

சுவர்க் கடிகாரத்தில் பத்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. அந்தத் தாய் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினேன். ஏட்டை அனுப்பியவன் நான். தலைமையாசிரியரின் இசைவைப் பெறவில்லை. அட்டையைக் கேட்டவனும் நானே. இவர் நான் சொன்னதைச் செய்தார். கீழே கையொப்பமிட்டேன்.

அலுவலர் உள்ளிருந்து தோல் தரம் பார்ப்பவரை அழைத்தார். அவர் அட்டையின் மூலையை மடித்து நகத்தால் ஒரு கீறு கீறினார்.

"ஆடு சார். நம்மளுது இல்ல."

அவ்வளவுதான். தாயின் அடையாள அட்டை திரும்பக் கிடைத்தது. ஆனால் தோல் உள்ளே வந்தது வந்ததுதான், வெளியே விட விதியில்லை என்றார்கள். காவலர் பிளேடால் வெள்ளை நூலை அறுத்து, அட்டையை வைத்துக்கொண்டு ஏட்டை மட்டும் நீட்டினார். என் கடிதம் அலுவலரின் கோப்புக்குள் போயிற்று. அது தலைமையாசிரியருக்குப் போகுமா என்று கேட்க வாயெடுத்தேன்; கேட்கவில்லை.

அந்தத் தாய் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே திரும்பினார். நான், பழக்க மிகுதியால், ஏட்டை அவரிடமே நீட்டினேன். பள்ளிகொண்டா அம்மா வேலைக்கு வந்ததும் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

அவர் வாங்கவில்லை.

"வேணாம் ஐயா. பள்ளிகொண்டா என்னா தூரமா? வண்டி வெச்சிருக்கீங்க, நீங்களே போய்க் குடுங்க." இரண்டடி நடந்து திரும்பினார். "எங்களுக்கு மட்டும் நோய் வராதா இன்னா?"

குரலில் சினம் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு விரைந்து போய்விட்டார்.

அதன்பின் பதினான்கு நாள் நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் தலைமையாசிரியர் என்று எண்ணினேன். அழைப்பு வரவில்லை. ஏடு மேசைமேல் கிடந்தது. முதற்பக்கத்து விளிம்பில் நூல் போன துளைகள் வரிசையாக இருந்தன. புரட்டியபோது குழம்புக் கறையைத் தொட்டேன். அது எந்தப் பையில் கொட்டியது, அந்தப் பைக்கு உரியவர் அன்று நண்பகல் எதைச் சாப்பிட்டார் என்று நான் கேட்டதே இல்லை.

பதினான்காம் நாள் அந்தத் தெருவின் தகரத்தைப் பிரித்ததாகச் செய்தி வந்தது. பதினைந்தாம் நாள் காலை நான் பள்ளிகொண்டாவில் இருந்தேன். பெண் வாசலுக்கு ஓடிவந்து ஏட்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"அட்டை எங்க ஐயா? தோல் அட்டை போட்டிருக்கேன்னு சொன்னாளே."

கம்பெனி கேட்டில் இருக்கிறது என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்துவந்து, நின்றபடியே ஏட்டுக்கு உறை போட்டாள். எழுதி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். இரண்டு நாள் என்றாள். எழுதியதும் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

"யாரிடமும் வேண்டாம். நானே வருகிறேன்."

வண்டியைத் திருப்பினேன். இன்னும் ஐந்து பக்கங்கள் இருந்தன. ஐந்தும் ஐந்து ஊர்களில்.