பத்தொன்பது ஓட்டு, ஒரு சுண்டுவிரல்

என் கால் சுண்டுவிரலை வெட்டலாமா என்று வாட்ஸாப்பில் ஓட்டெடுப்பு நடத்தியவன் நான். வயது ஐம்பத்திரண்டு, வீடு நிறையப் புத்தகம். இதே நிலையில் இருப்பவர்கள் என்னைப் பார்த்தாவது சுதாரித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

புதுச் செருப்பு கடித்த புண். சர்க்கரையில் கால் நரம்புகள் மரத்துப் போயிருந்ததால் வலிக்கவில்லை. விரல் கறுத்த பிறகே கவனித்தேன். பூந்தமல்லியில் அறுவை மருத்துவர் புண்ணுக்குள் கம்பி விட்டு, எலும்பு தட்டுகிறதா என்று பார்த்தார்.

“கேங்க்ரீன் (ரத்த ஓட்டம் நின்று சதை அழுகுவது). நாளைக்கே இந்த ஒரு விரலை எடுத்துடலாம்.”

அம்பத்தூரில் எங்கள் நடைக்குழுவில் எல்லாவற்றுக்கும் ஓட்டுதான். நடந்து முடித்ததும் எந்தக் கடையில் பொங்கல் என்பதற்குக்கூட. பொங்கலில் அந்த முறை தோற்றதே இல்லை. அந்தத் தைரியத்தில் விரலையும் ஓட்டுக்கு விட்டேன். வேண்டாம்: பத்தொன்பது. எடுக்கலாம்: ஒன்று. லேத் பட்டறை தனசேகர், தன் மாமனாருக்கு வேப்பெண்ணெயிலேயே ஆறியதாகச் சத்தியம் செய்தார்.

அந்த ஒற்றை ஓட்டு பிலோமினா அக்காவுடையது. அறுவை வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். ஒருமனதாக இருந்தால் நிம்மதியாயிற்றே என்று அவரைக் கூப்பிட்டு, ஓட்டை மாற்றச் சொன்னேன்.

“மாத்திடறேன் தம்பி. அவங்கள்ல யாராச்சும் கட்டைப் பிரிச்சுப் பாத்தாங்களா?”

போனை வைத்துவிட்டேன்.

ஆறு நாள். மணிக்கொரு முறை கட்டைப் பிரிப்பேன், குழுவைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி கட்டு. உட்காரப் பிடிக்கவில்லை, நிற்கக் கூடாது. மனைவி வாதாடவில்லை. துண்டு, டம்ளர், மருந்துச் சீட்டெல்லாம் ஒரு பையில் போட்டு வாசலருகே வைத்துவிட்டாள். ஏழாம் நாள் குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டபோது, அந்தப் பையோடுதான் ஆட்டோ ஏறினோம்.

இரண்டு விரல் போயிற்று. மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பத்தொன்பது பேரும் என்மேல் உள்ள அன்பில்தான் ஓட்டுப் போட்டார்கள். எனக்கு வேண்டிய பதிலை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டவன் நான்தான்.

இப்போதெல்லாம் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் எனக்கு விடிகிறது. இல்லாத விரல் அரிக்கிறது, சொறிய இடமில்லை. இரண்டு நிமிடத் தெருமுனை வெளியூர் மாதிரி தள்ளிப்போய்விட்டது.

நான்கு மாதம் கழித்துக் குழுவைப் பார்க்கப் போனேன். தனசேகர் குனிந்து என் காலையே வெகுநேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று, பெருந்தன்மையாக ஒரு பதிலைக்கூடத் தயார் செய்துகொண்டேன். அவர் நிமிர்ந்தார்.

“அஞ்சுல மூணு கீதே மாமே. மெஜாரிட்டி இன்னும் உன் பக்கம்தான்.”