கன்வேயர் பாலத்துக்கடியில் நின்ற வண்டி

முதல் தடவை அது நடந்தது ஆயுத பூஜை முடிந்த ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை எட்டு பன்னிரண்டுக்கு. நான் வண்டியில் இல்லை. பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் மனைவி போனில் சொன்னாள். நான் டைரியில் எழுதினேன்: ‘கன்வேயர் பாலத்தருகே திடீர் பிரேக். பதற்றத்தில் மிதித்திருக்கிறாள்.’ அவள் சொன்னது முதல் வாக்கியம் மட்டும். இரண்டாவது என் சரக்கு.

“நான் மிதிக்கலீங்க. வண்டியே நின்னுச்சு” என்றுதான் அவள் சொன்னாள்.

புது ரக வண்டி அது. முன் கிரில்லுக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு ரேடார் உண்டு. எதிரே ஏதாவது குறுக்கிட்டால் நாம் மிதிப்பதற்கு முன் வண்டி தானே பிரேக் போடும். அவளுடைய பாதுகாப்புக்கென்றே அதை வாங்கினேன். அவள் ஐம்பத்தோரு வயதில் கார் ஓட்டக் கற்றவள். வடக்குத்து என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அவள் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போகும் வழியில், சுரங்கத்து நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட், சாலைக்கு மேலே இரும்புப் பாலமாகக் குறுக்கே போகிறது.

அந்த வெள்ளிக்கிழமை அதே இடத்தில் மறுபடியும் நின்றது. பின்னால் ஷிப்ட் ஆட்களை ஏற்றிய கம்பெனி பஸ். ஒரு முழ இடைவெளியில் அது நின்றதாம். டிரைவர் இறங்கி வந்து, “ஏம்மா, முன்னாடி ஒரு கோழி கூட இல்லியே, யாருக்கு வழி விடறீங்க?” என்று கேட்க, பஸ் முழுக்கச் சிரித்திருக்கிறது.

அன்று மாலை வந்திருந்த அவள் தம்பியும் விடவில்லை. “அக்கா, உனக்கு ஸ்கூட்டிதான் ராசி. மாமா, சாவிய வாங்கி பீரோவுல வைங்க.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமும் இரண்டு முறை. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றார்கள். தாளில் ‘ஓட்டுபவர் பழக்கம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு தரம் படித்தாள்.

“இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள என்னன்னு தெரியலன்னா, இனிமே ஸ்டியரிங்கத் தொட மாட்டேன். தெருவுல போறவன் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். நீங்களும் நம்பல.”

வடலூரில் கார் எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒருவரைச் சொன்னார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்தார். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகி, கையில் டேப்லெட்டோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். “எப்பவும் ஓட்டற மாதிரியே ஓட்டுங்க மேடம்.” நான் பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரும் வராதபோது பாலத்தைக் கடப்பதாகத் திட்டம்.

திருப்பத்தில் சாம்பல் ஏற்றிய லாரி ஒன்று எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. “லாரி வருது, ஓரங்கட்டு” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டி குத்திட்டு நின்றது. என் தோள் சீட்டில் மோதியது. லாரியின் ஹாரன் காதுக்குள் இறங்கியது. அது வலது பக்கம் ஒடித்துக்கொண்டு எங்களை உரசாமல் போனது.

டேப்லெட்காரர் தலை நிமிரவில்லை. “மேடம், உங்க கால் ஆக்சிலேட்டர்லதான் இருக்குது. பிரேக் பெடல யாரும் தொடல. பிரஷர் மட்டும் தானா ஏறியிருக்குது.”

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள். “பின்னால உக்காந்திருக்காரே, அவருக்குக் கேக்கற மாதிரி.”

வண்டியை மரத்தடியில் நிறுத்தினோம். வேறு எங்கே நின்றது என்று அவர் கேட்டார். டைரியைப் பிரித்து வாசித்தேன்: பாலம், பாலம், பாலம், வடலூர் சாலையில் பெயர்ப் பலகை மாட்டிய இரும்பு வளைவு, இப்போது மறுபடி பாலம்.

“எல்லாமே தலைக்கு மேல இரும்பு. ரோட்டப் பாக்க வேண்டியது மேல பாத்துக்கினு இருக்குது சார்.”

கிரில்லைக் கழற்றி, ரேடாரின் முகத்தில் சின்ன ரசமட்டத்தை நிறுத்தி வைத்தார். குமிழி நடுவில் நிற்காமல் ஓரத்துக்குப் போனது. ரேடாரைத் தாங்கும் தகட்டின் அடிப்பக்கம் முன்னால் வளைந்திருந்தது. அதன் இடுக்கிலிருந்து நாலைந்து கயிற்று நாரை உருவி என்னிடம் நீட்டினார்.

“இதுல எதக் கட்டினீங்க?”

வாழை மரம். சுரங்கத்தில் முப்பத்து நான்கு வருஷம், ஆயுத பூஜைக்கு அந்த ராட்சத வெட்டு இயந்திரங்களுக்குக் குலையோடு முழு மரம் கட்டியவன் நான். ரிட்டயர் ஆனபிறகு அந்தக் கை சும்மா இருக்குமா? இந்தப் பூஜைக்கு இந்த வண்டியின் கிரில்லுக்குள் விரலை விட்டு, கெட்டியாகத் தட்டுப்பட்ட எதையோ வளைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். மரம் தரையை இழுத்துக்கொண்டே கோயில் வரைக்கும் வந்தது. அவரிடம் இதைச் சொல்லி முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த லாரிக்காரன் மட்டும் அரை நொடி தாமதித்திருந்தால்?

“மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி போட்டிருக்கீங்க சார்” என்றார் அவர்.

மனைவி அப்போதுதான் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுத் தகடு வர வியாழன் ஆயிற்று. சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்தி, எதிரே குறிபலகை வைத்து, ரேடாரின் பார்வையை நேராக்க ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. வெள்ளிக்கிழமை காலை, “மொதல்ல நான் ஓட்டிப் பாக்கறேன்” என்றேன்.

“நீங்க பக்கத்துல உக்காருங்க.”

பாலத்தின் நிழல் பானட்டில் ஏறியது. நான் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டேன். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. நிழல் கண்ணாடியைக் கடந்து, எங்கள் மடியைக் கடந்து, பின்னால் போய்விட்டது.

பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினாள். இறங்கும்போது சாவிக்காகக் கையை நீட்டினேன். அவள் அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“நீங்க பஸ்ல போயிடுங்க. சாயந்தரம் நானே ஓட்டிட்டு வந்துடறேன்.”