இந்த வாசலிலிருந்துதான் போவார்

கள்ளக்குறிச்சியில் எங்கள் பக்கத்துப் போர்ஷனில் இருந்தவர் ஜெயசுதா அக்கா. தையல் வேலை. வீட்டு ஓனர் அரங்கநாதன் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. யாரிடமும் “நம்ம டெனன்ட்டு” என்பார். அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்த அன்று, ஓனர் கேட்டைச் சாத்தி, உடலைக் கொண்டு வந்த ஆம்புலன்ஸை மறித்தார்.

“டெனன்ட்டு வூட்டுப் பொணத்த உள்ள வெச்சா அப்பறம் யாரும்மா குடி வருவாங்க? நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிடுங்க.”

“அவரு வாழ்ந்த வூடுங்க இது. இங்கேர்ந்துதான் போவாரு. அப்பறம் காலி பண்ணச் சொல்லுங்க, பண்றேன்,” என்றார் அக்கா.

எங்கள் அம்மா உள்ளிருந்து கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினார். நாங்களும் வாடகைக்கு இருப்பவர்கள்தான். பாடை அந்த வாசலிலிருந்தே கிளம்பியது.

இப்போது இரண்டு குடும்பமும் வேறு வீடு தேடுகிறோம், பக்கத்துப் பக்கத்தில்.