மூன்றாவது சாக்கில் என் குரல்

போர்வைக்குள் அம்மாவின் போனில் எழுதுகிறேன். யாரும் இப்போது கூப்பிடாதீர்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து கலை மையமாக்கிய பழைய ஏலக்காய் ஸ்டோருக்கு இன்று பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். இன்னும் திறக்காத புதுக் கண்காட்சியில் வரிசையாகச் சாக்குகள் தொங்குகின்றன. காதை வைத்தால் உள்ளே யாரோ பேசுகிறார்கள்.

மூன்றாவது சாக்கில் பேசியது நான்தான்.

போன மாதம் கொச்சியிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த கலைஞர் சேச்சி, எல்லாப் பிள்ளைகளிடமும் போல என்னிடமும் "வீட்டுல சொல்ல முடியாதது ஒண்ணு சொல்லு மோளே" என்று மைக்கை நீட்டினார். கொச்சியில்தான் வைப்பார்கள் என்று நம்பிச் சொல்லிவிட்டேன்.

"எங்கப்பா குடிச்சிட்டு ஜீப் ஓட்டுறாரு. பின்னாடி எங்கம்மாவும் ஏலக்காட்டு வேலைக்குப் போற அக்காமாரும் இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

"சேச்சி, அத எடுத்துருங்க" என்று இன்று கெஞ்சினேன்.

"நீ பேரு ஒண்ணும் சொல்லலையே மோளே. ஆர்க்கும் மனசிலாகாது."

யாருக்கும் புரியாதாம்! எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் ஜீப் வைத்திருப்பவர் அப்பா மட்டும்தான். அந்தச் சாக்குகளை வாடகை வாங்காமல் மையத்துக்கு ஏற்றிப்போனவரும் அவர்தான்.

சாப்பிடும்போது அப்பா சிரித்தார். "ஞாயித்துக்கிழம திறப்பு. லைன்ல எல்லாரையும் நானே ஏத்திட்டுப் போறேன். எம்புள்ள சத்தமும் இருக்காம்ல, எந்தச் சாக்குலன்னு கண்டுபிடிக்கேன் பாரு."

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அப்பாவை அன்று வீட்டிலேயே நிறுத்திவைக்க ஒரு நல்ல சாக்கு தெரிந்தால் சொல்லுங்கள். பேசாத சாக்காக இருந்தால் நல்லது.