கரையாத பிள்ளையார்

அக்காவின் நிச்சயதார்த்த மோதிரம் பிள்ளையாரின் தொப்பைக்குள் இருந்தது. அங்கேதான் இருக்க வேண்டும். வீட்டிலேயே பிள்ளையார் செய்யக் களிமண் பிசையும்போது கழற்றினாள், பீரோவில் வைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். சதுர்த்தி முடிந்து மூன்றாம் நாள், நாலு மணிக்கு மாப்பிள்ளையின் அம்மா வருகிறார் என்று பீரோவைத் திறந்தால், மோதிரம் இல்லை. சேலையூர் ஃப்ளாட்டில் சோபாவுக்கு அடியில்கூடத் தேடிவிட்டோம்; பிசைந்த மண்ணோடுதான் போயிருக்க வேண்டும்.

“உடைச்சுப் பாத்துடலாம்மா” என்றேன்.

“பூஜை பண்ண பிள்ளையாரை உடைப்பியா? எப்படியும் இன்னிக்குக் கரைக்கணும். வாளியில வை, தானா கரையட்டும்.”

அது கரையாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

மண் காய்ந்தபோது தொப்பையில் விரிசல் விட்டிருந்தது. பால்கனியில், பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய, சுவர் விரிசலை அடைக்கிற பட்டிப் பொடி இருந்தது. கெமிஸ்ட்ரி படிக்கிற மூளை சும்மா இருக்குமா? குழைத்து இரண்டு கோட் பூசினேன். அடிப்பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. பளிங்கு மாதிரி இருக்கிறதென்று அம்மாவே மெச்சினாள்.

மணி மூன்று. வாளிக்குள் கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையார் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்று இருபது. தண்ணீர் கலங்கவே இல்லை.

“ஐயா நிம்மதியா குளிக்கிறாரு” என்றாள் அக்கா. அவள் போன் ஒலித்தது. “அதுக்குள்ள பக்கத்துல கேம்ப் ரோடு சிக்னல்ல நிக்கறாங்களாம்.”

சொல்லிவிட்டேன்.

“பட்டியா? சாமி மேலயா?” அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். அம்மா அடிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. “பெரிய கெமிஸ்ட்ரி! இப்ப அது என்னடி சொல்லுது?”

பட்டியில் சுண்ணாம்புச் சத்து. புளிப்பு பட்டால் அரிக்கும்.

“அம்மா, எலுமிச்சைச் சாறு அபிஷேகம் உண்டா?”

“உண்டு. எதுக்கு?” என்றவளுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. ஃப்ரிஜ்ஜிலிருந்த ஆறு பழத்தையும் எடுத்து வந்தாள். “சுரண்டக் கூடாது. சந்தனம் பூசுற மாதிரி பூசு.”

பிள்ளையாரைத் தாம்பாளத்தில் வைத்துப் பிழிந்தோம். தொப்பையில் பொடிப்பொடியாக நுரைத்தது. பூசினேன், கழுவினேன், மறுபடி பிழிந்தேன். விரிசல் இருந்த இடத்தில் ஊசி முனையளவு மண் நிறம் தெரிந்தது. சட்டென்று வாளிக்குள் இறக்கினேன்.

அந்த ஓட்டையிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கிறது! பழுப்பாக ஒரு இழை இறங்கியது. ஒரு காது விழுந்தது. பிறகு தொப்பை மொத்தமாகச் சரிந்தது.

காலிங் பெல்.

நான் வாளிக்குள் கையை விட்டேன். கெட்டியாக ஒன்று அகப்பட்டது: குன்றிமணிக் கண். இன்னொன்று: அடுத்த கண். மறுபடியும் பெல். சேற்றைப் பிசைந்துகொண்டே அடிவரைக்கும் போனேன். வளையமாக ஏதோ விரலில் இடறியது.

அக்கா அதைக் கழுவக்கூட இல்லை, மாட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வந்தவர் முதலில் பிடித்ததே அந்தக் கையைத்தான். “என்னம்மா இது, மோதிரமெல்லாம் சேறு?”

“இப்பதான் பிள்ளையாரைக் கரைச்சோம் அத்தை.”

அவர் எட்டி வாளியைப் பார்த்தார். வெள்ளையாக, விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. “தும்பிக்கை கரையலையே?”

“கரைஞ்சிடும்” என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமல். “சின்னவ இன்னும் ஆறு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரப் போறா.”