கோணலாக ஒட்டிய லேபல்கள்

புளத்கொகுபிட்டிய பசாரில், ராஜதுரை முதலாளியின் டொனிக் பட்டறையில் பிரேமலதா ஒன்பது வருடம் லேபல் ஒட்டினாள். லேபல் கோணலாகிவிட்ட போத்தல் கடைக்குப் போகாது. ஒட்டியவளே வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

அவள் புருஷன் இந்திரகுமார் றப்பர் பால் வெட்டுபவன். 1997இல் ஈரல் வீங்கிப் படுத்தான். "இனி ஒரு துளி மதுசாரம் போனாலும் ஆள் தப்பாது" என்றார் டாக்டர். அன்றோடு சாராயத்தை விட்டான், உண்மையாகவே விட்டான். அவன் உடம்பு தேறட்டும் என்று கிழமைக்கு இரண்டு போத்தலைப் பிரேமலதா வேண்டுமென்றே கோணலாக ஒட்டினாள். லேபலில் கொட்டை எழுத்தில் இருந்தது: மதுசாரம் அற்றது.

"குடிச்சதும் ஒடம்பு சூடாகுது லதா. நல்லாத் தூக்கம் வருது."

"மருந்து வேல செய்யுதுங்க" என்று அவள் மகிழ்ந்தாள்.

மறுவருடம், மதுசார அளவை லேபலில் அச்சிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. புது லேபல் கட்டைப் பிரித்தவள் அப்படியே நின்றாள். மதுசாரம் 9%.

"இது புதுச் சரக்குக்கா மொதலாளி?"

"சரக்கு அதேதான். பேப்பர்தான் புதுசு. டவுன் கடைக்கு இத ஒட்டு. தோட்டத்துக் கடைக்குப் பழசே போதும். எந்த இன்ஸ்பெக்டர் மலையேறி வரப்போறான்?"

"எங்க வீட்டுக்காரரு பதினோரு மாசமா இதத்தான் குடிக்கிறாரு!"

"ஒன்ன யாரு கோணலா ஒட்டச் சொன்னா?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பிரேமலதா தோட்டத்து லய வீட்டுக்கு ஓடினாள். அங்கிருந்த போத்தலை வாசல் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள். இந்திரகுமாரின் கண்கள் மஞ்சளாயிருந்தன.

"பைத்தியமா ஒனக்கு? மருந்தக் கொட்டுற?"

"அது மருந்தில்லீங்க, சாராயந்தான். என் கண்ணால பார்த்தேன்."

"பொய்யி போட்டா கவர்மெண்டு சும்மா விடுமா?"

விட்டுத்தான் வைத்திருந்தது. டவுன்காரனுக்கு ஒரு லேபல், தோட்டத்தானுக்கு ஒரு லேபல். ஈரல் மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக் கடைக்கு நடந்தான். அவள் கெஞ்சிக்கொண்டே பின்னால் போனாள். கடைக்கார முக்தார் போத்தலை எடுத்து வைத்தார். இந்திரகுமார் அதை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"வாசி. நீதானே ஒட்டுன?"

மூன்றாவது கிழமை அவன் இறந்தான். மரணத் துண்டில் காரணம் 'குடி' என்று எழுதினார்கள். அவன் குடியை விட்டு ஒரு வருடமாகிறது என்று பிரேமலதா சொல்லிப் பார்த்தாள். எழுதியவர் தலையை நிமிர்த்தவில்லை.