வலிக்கவில்லை என்றேன்

நாங்கள் சித்தையன்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறோம். செடிக்கு மருந்தடிக்கும் டேங்கைத் தோளில் சுமந்து சுமந்து, போன வருஷம் வலது கையைத் தூக்கவே முடியாமல் போனது. சட்டைகூட மனைவிதான் மாட்டிவிட்டாள். கை இப்படியே நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

திண்டுக்கல்லில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்ணிடம் போனேன். தசையை மூடியிருக்கும் சவ்வு இறுகியிருப்பதாகச் சொல்லி, விரலால் மெதுவாக அழுத்திப் பிடித்தார். "வலிக்குதாண்ணே?" என்று கேட்டார். எங்கள் ஊரில் சுளுக்கு எடுக்கும்போது சத்தம் போட்டால் கேலி செய்வார்கள். பெண் முன்னால் சொல்லவும் கூச்சம். "இல்லம்மா" என்றேன். அவர் இன்னும் அழுத்தினார். மறுநாள் தோள் கன்றிப்போய், கை முன்பைவிட மோசமானது.

அடுத்த தடவை மனைவியும் கூட வந்தாள். "அவரு வாயைக் கேக்காதீங்கம்மா, கால் கட்டைவிரலைப் பாருங்க. வலிச்சா மடக்கிக்கிருவாரு" என்றாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அண்ணே, வலியை அடக்குனா தசை இன்னும் இறுகிக்கிரும். நீங்க சொன்னாத்தான் எம்புட்டு அழுத்தணும்னு எனக்குத் தெரியும்."

அதன்பிறகு வலித்தால் சொன்னேன். அவர் அழுத்தத்தைக் குறைத்து, செத்த நேரம் அப்படியே பிடித்திருப்பார். விரலடியில் இறுக்கம் இளகுவது எனக்கே தெரிந்தது. சில வாரங்களில் கை மேலே போனது.

இப்போது டேங்கில் பாதிதான் நிரப்புகிறேன். தோள் இழுத்தால், யார் பார்த்தாலும் இறக்கி வைத்துவிடுகிறேன். "வலிக்குதா?" என்று மனைவி கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன். அவள்தான் இன்னும் நம்பாமல் என் கால் கட்டைவிரலைப் பார்க்கிறாள்.